சாமல்பட்டிக்குத் திருப்பி அனுப்பிய கடிகாரம்

கண்ணு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இன்றைக்கு அதைக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. காலை டியூட்டியை முடித்துவிட்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு வந்து, வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, மடியில் ஒரு பலகையைப் போட்டு இதை எழுதுகிறேன். ஓசூரிலிருந்து நீ எழுதிய கடிதம் எதிரில்தான் கிடக்கிறது. பெண் வீட்டார் என்னை ஏமாற்றிவிட்டார்கள், நிச்சயத்தன்று கட்டிய வாட்சைத் தபாலில் சாமல்பட்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், ஒரிஜினல் வராமல் கல்யாணம் இல்லை, நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று நாலே வரி. எங்கள் வார்டில் எழுதும் மருந்துச் சீட்டு இதைவிட நீளமாக இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமல்பட்டி கோயிலில் உங்களுக்கு மூன்றாம் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று போதகர் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கடைசி முறையாகக் கேட்பார். அதற்குள் நீ ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் நாலு வரிக்கு இத்தனை பக்கம் பதில். அவசரப்படாமல் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்சைத் தேர்ந்தெடுத்தது உன் மாமனார் ஆகப்போகிற சாலமோன் இல்லை. நான்தான். ஏமாற்றியது யார் என்று தேடுகிறாயே, தேட வேண்டாம், இங்கேதான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஏமாற்றினேன் என்று நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பெண் பார்க்கப் போன அன்று நீ சொன்னதை நினைத்துப் பார். எனக்கு வரதட்சணை வேண்டாம், நகை வேண்டாம், கையில் கட்டிக்கொள்ள ஒரே ஒரு வாட்ச் போதும் என்றாய். எல்லாரும் உன்னை எவ்வளவு மெச்சினார்கள்! எனக்கே நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் எந்த வாட்ச் என்று ஒரு சீமைப் பேரைச் சொன்னாய் பார், அங்கே எனக்குக் காப்பி இறங்கவில்லை. சாலமோன் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அந்தப் பேரை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஏதோ கடைத்தெருவில் கிடைக்கிற சாமான் என்று நினைத்து, சரிங்க மாப்ளே என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். மூக்குத்தி வேண்டாம், கோட்டை மட்டும் போதும் என்று கேட்ட மாப்பிள்ளை நீ ஒருத்தன்தான்.

கொஞ்ச நாள் கழித்து அவர் என்னைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். வெளி நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்ன என்று பதறிப் போய்க் கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க சம்பந்தியம்மா. மாப்ளே சொன்ன வாட்சை பெங்களூர்ல விசாரிச்சேங்க. என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு சிரிக்கிறாங்க. ஊட்ல மாடு ரெண்டு இருக்குது. ரெண்டையும் பர்கூர் சந்தைக்கு ஓட்டிட்டா ஆயிடும்னு நெனைக்கிறேன். மாப்ளே கொஞ்சம் பொறுப்பாரான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். மாடு இரண்டும் போனால் வீட்டில் பாலுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "வரக்காப்பி குடிச்சிக்கிறோம். பொண்ணு கல்யாணம் ஆவணுமில்லீங்களா?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. கோபத்தில் வந்த அழுகை. சாயங்காலம் வரைக்கும் அவரை உட்கார வைத்து, டியூட்டி முடிந்ததும் பழையபேட்டையில் காதர் பாயின் வாட்ச் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காதர் பாயையும் எனக்கிருக்கிற வாட்ச் பைத்தியத்தையும் உனக்குத் தெரியும். ஆனால் அது எங்கே பிடித்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் இங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார்கள். அவர்கள் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது நான் நோயாளியைப் பார்க்க மாட்டேன், டாக்டரம்மாவின் வாட்சைத்தான் பார்ப்பேன். பால் வெள்ளை முகம், மெல்லிசான கறுப்புக் கோடுகள், நடுவிலிருந்து கிளம்பி ஓசையில்லாமல் சுற்றிவரும் சிவப்பு விநாடி முள். கல்யாணப் புடவைக்குக் கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. நர்ஸ் சம்பளத்தில் அதை நினைக்கிறதே பாவம். ஒரு நாள் காதர் பாய் கடைக் கண்ணாடிக்குள் அதே முகம் என்னைப் பார்த்தது. அதே வெள்ளை, அதே கோடு, அதே சிவப்பு முள். திருட்டுச் சாமானா பாய் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நல்லாப் படிச்சுப் பாருங்க சிஸ்டர். அந்தக் கம்பெனி பேரைப் போட்டிருந்தா அது திருட்டுத்தனம். இதுல போட்டிருக்கிறது இவனோட சொந்தப் பேரு. முகம்தான் அந்த ஜாடை. பெரிய வீட்டுப் பொண்ணு கட்டின சேலை மாதிரியே ஒண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு கட்டினா, அதைத் திருட்டுன்னா சொல்லுவீங்க?" என்றார்.

அதில் போட்டிருந்த பேரை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் எங்கேயும் கேட்டதில்லை. வாங்கிவிட்டேன். இன்றைக்கும் என் கையில் அதுதான். குறையே இல்லாத சாமான் என்று சொல்ல மாட்டேன். முலாம் உரிந்து ஓரத்தில் பித்தளை தெரிகிறது. மழைக் காலத்தில் கண்ணாடிக்குள் பனி பிடித்தது போல் ஆகிவிடும். அடிக்கடி கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடும், நான்தான் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா கை கழுவும்போதெல்லாம் வாட்சைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்து, அந்த டப்பாவை யார் தொடுகிறார்கள் என்று ஒரு கண் அங்கேயே வைத்திருப்பார்கள். என்னுடையது ஒரு தடவை பினாயில் வாளிக்குள்ளேயே விழுந்தது. எடுத்து உதறிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். எனக்குப் பிடித்த முகம், எனக்குக் கட்டுப்படியாகிற விலை, போனால் போகட்டும் என்கிற நிம்மதி, இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது லேசில்லை கண்ணு. இந்த வாட்சை வைத்து எத்தனை பேருக்கு நாடி பார்த்திருப்பேன்! சிஸ்டர், உங்கள் வாட்ச் என்ன கம்பெனி என்று கேட்டுவிட்டு யாரும் கையை நீட்டவில்லை. நீயும்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என் மணிக்கட்டைக் காதுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாய். கையை எடுத்தால் அழுவாய். அப்போது உனக்கு யாரும் பேரைப் படித்துக் காட்டவில்லை.

ஒரிஜினல் ஒரிஜினல் என்கிறாயே, நீ கேட்கிற அதே பேர் போட்ட வாட்ச் நம் வீட்டில் இருந்தது. உன் அப்பா வாங்கினார். அவர் கிருஷ்ணகிரி ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர். சூளகிரி தாண்டி ஒருத்தன் ஏறினானாம். அவசரமாகப் பணம் வேண்டும், கப்பலில் வந்த சாமான், வெளியே காட்டாதீர்கள் என்று காதோடு சொன்னானாம். இந்த மனுஷன் டிக்கெட் கொடுப்பதைக் கூட மறந்துவிட்டு அதை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலிருந்தே, கையைப் பார், கையைப் பார் என்று கத்தினார். பேர் என்னவோ பெரிய எழுத்தில் ஜம்மென்று இருந்தது. கோடை வந்ததும் அதில் இரண்டு எழுத்து கழன்று கண்ணாடிக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அப்புறம் ஓட்டமும் நின்றது. காதர் பாய் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே கண்டக்டர் சார்" என்று மூடிக் கொடுத்துவிட்டார். உன் அப்பா அதைக் கழற்றினாரா? கழற்றவில்லை. நாலு பேர் பார்த்துவிட்டார்களாம், இப்போது கழற்றினால் கேட்பார்களாம். பஸ்ஸில் போகும்போது டிரைவரிடம் மணி கேட்பார். வீட்டில் என்னிடம் கேட்பார். "நர்சம்மா, மணி என்ன ஆச்சு?" என்பார். கையில் என்ன, வளையலா என்பேன். "வளையல்தான். நீ சொல்லு" என்பார்.

எனக்கும் காதர் பாய்க்கும் அந்த வாட்சைப் பார்த்தால் சிரிப்பு. ஆனால் உன் அப்பா அடக்கமாகிற வரைக்கும் என்னிடம் மணி கேட்பதை நிறுத்தவில்லை. சமைத்துக்கொண்டிருப்பேன், கேட்பார். துணி மடித்துக்கொண்டிருப்பேன், கேட்பார். நானும் அலுத்துக்கொண்டே கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். எங்கள் குடித்தனத்தில் முக்கால்வாசிப் பேச்சு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் போன பிறகு என்னை யாரும் மணி கேட்பதில்லை. வார்டில் கேட்கிறார்கள், அது வேறு.

சாலமோனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்றேன் இல்லையா. காதர் பாயிடம் நீ கேட்ட பேரைச் சொல்லி, அந்த முகம் எனக்கு வேண்டும், அந்தப் பேர் வேண்டாம் என்றேன். பாய்க்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து திறந்தார். சாம்பல் பூத்த வெள்ளி முகம், ஈர்க்குச்சி மாதிரி முட்கள், தேதி காட்ட ஒரு சின்ன ஜன்னல். சாலமோன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், தொடவில்லை. "மாப்ளே கேட்டது இதுதானுங்களா?" என்றார். இல்லை, இது அந்த ஜாடை, பேர் வேறு என்று நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ அவருகிட்ட சொல்லிடணுமுங்களே. சொல்லாமக் கட்டினா தப்பாயிடாதா?" என்றார். பேர் முகத்திலேயே எழுதியிருக்கிறது, எதையும் நாம் மறைக்கவில்லை, என் மகன் படித்தவன், எழுத்துக் கூட்டத் தெரியும் என்றேன். அவர் பெண்ணையும் இரண்டு மாட்டையும் நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் பார், நீ படிக்கவில்லை. நிச்சயத்தன்று ஜெபம் முடிந்து சாலமோன் உன் கையில் கட்டினபோது உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினாய். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாய். பந்தியில் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையை இலைக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாய். பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உன் சந்தோஷத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இவனுக்கு வாட்ச் பிடித்துவிட்டது, இனிமேல் பேரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிடித்துத்தானே இருந்தது? ஓசூரில் உன் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போனாயே, அதுவரைக்கும் அதில் உனக்கு என்ன குறை தெரிந்தது? ஓடவில்லையா, நேரம் தப்பியதா, அழகு குறைந்ததா? உன் கம்பெனிப் பையன் ஒருத்தன் வார்டுக்கு வந்தபோது எல்லாம் சொன்னான். ஸ்டோர்ஸில் இருக்கிற நாகராஜ் உன் கையைப் பிடித்து இழுத்துப் பேரைப் படித்துவிட்டு, "மாவா டோப்பி ஹாகிதாரே" என்று சிரித்தானாம். மாமனார் உனக்குக் குல்லா போட்டுவிட்டார் என்று கன்னடத்தில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஷிப்டு சங்கு ஊதினதும் அவனவன் வேலையைப் பார்க்கப் போயிருப்பான். நீ மட்டும் தபாலாபீசுக்குப் போனாய். நாகராஜுக்குப் பிடிக்கவில்லை என்று உனக்குப் பிடித்ததைக் கழற்றினாய். நாளைக்கு அவன் உனக்கு நிச்சயித்திருக்கிற எஸ்தர் டீச்சரைப் பார்த்தும் ஏதாவது சொல்வான். அப்போது எந்தத் தபாலாபீசுக்குப் போவாய்?

முந்தாநாள் சாலமோன் மறுபடி வந்தார். ராத்திரி டியூட்டி முடித்த கையோடு, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறியிருக்கிறார். இந்தத் தடவை வரிசையில் உட்காரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையில் சுற்றிய வாட்சை என்னிடம் நீட்டி, "நான் ஏமாத்தலீங்கம்மா. ஒங்களுக்குத் தெரியும். மாப்ளைக்கு மட்டும் எடுத்துச் சொல்லுங்க" என்றார். அறுபதை நெருங்குகிற மனுஷன், எனக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உன்னைப் பெற்றதற்கு நான் வெட்கப்பட்டேன் என்று எழுத வந்தேன். அப்படி எழுத மனசு வரவில்லை. ஆனால் வெட்கம் வந்தது உண்மை. மாட்டை ஓட்டட்டுமா என்று திரும்பவும் கேட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றேன். "அப்போ ஓலையை நிறுத்திடச் சொல்லி போதகர் ஐயாகிட்ட சொல்லிடட்டுங்களா?" என்றார். அதைக் கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கைக்குட்டையைப் பிரித்தேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. தபாலில் போன வாட்ச் நின்றுதானே போயிருக்கும்? இது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "எஸ்தர்தானுங்க. பார்சலைப் பிரிச்ச அன்னிக்கே ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து மணி வெச்சுது. தெனம் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அதுதான் சாவி குடுக்குது. அவரு வந்து கேக்கறப்ப நின்னு போயிருந்தா நல்லாருக்காதுப்பான்னு சொல்லுது." அவ்வளவுதானா, அழுதாளா, வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அவருக்குச் சொல்லக் கூச்சம். தலையைச் சொறிந்துகொண்டார். "அழுவலீங்க. அவருக்கு வேணாம்னா எனக்குக் குடுங்கப்பா, நான் கட்டிக்கறேன், எனக்குப் பிடிச்சிருக்குதுன்னு சொல்லிச்சுங்க" என்றார். எனக்கு அத்தனை அலுப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மரத்தடியிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். அவர் பயந்துபோய்விட்டார்.

அந்த வாட்ச் இப்போது என்னிடம் இல்லை கண்ணு. காதர் பாய் கடைக்குப் போய் வாரில் இன்னும் இரண்டு ஓட்டை போடச் சொல்லி, அவள் கைக்குச் சரியாக இருக்கும்படி செய்து, சாலமோனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். மத்தூர் பள்ளிக்கூடத்துக்கு அவள் இனிமேல் அதைத்தான் கட்டிக்கொண்டு போவாள். அது அவளுடையது. ஆம்பிளை வாட்சை டீச்சர் கட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். அவள் தபாலாபீசுக்குப் போகிற பெண்ணாக எனக்குத் தெரியவில்லை. உனக்கு வாட்ச் கிடையாது. ஒரிஜினலும் கிடையாது, ஜாடையும் கிடையாது. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்த வீட்டிலிருந்து உனக்காக ஒரு மாட்டுக் கயிறு அவிழாது.

பெரிய புத்திமதி சொல்லி முடிக்க என்னிடம் ஒன்றுமில்லை. களைத்துப் போயிருக்கிறேன். சாகப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கடைசி நேரத்தில் யாரும் தன் வாட்சைத் தேடிப் பார்க்கவில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடினார்கள். நிலைக்கிற பேர் வேண்டுமென்றால் உன் பேரை வைத்துக்கொள், அடுத்தவன் பேரைக் கையில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாய்? உன் அப்பா ஓட்டினார். அவருக்கு மணி சொல்ல நான் இருந்தேன். ஒரு சொல் சொன்னால் உனக்கும் ஒருத்தி இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் முதல் பஸ்ஸைப் பிடி. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருப்பேன், சேர்ந்து போகலாம். நீ வராவிட்டால் நான் தனியாகப் போவேன். போதகர் ஓலையை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்கும்போது உனக்கு இருந்தால் நீயே எழுந்து நின்று, எஸ்தர் கேட்க, உன் வாயால் சொல். என் மகனுக்கு வாட்சின் பேர் பிடிக்கவில்லை என்று நான் தூது போக மாட்டேன். ஆட்சேபணை இல்லையென்றால், ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது வெறுங்கையோடு அவள் பக்கத்தில் போய் நின்று, டீச்சரம்மா, மணி என்ன என்று கேள். மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், உனக்கு அது வராது. மணி மட்டும் கேள். அவள் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வாள். சரியான மணியைத்தான் சொல்வாள். அவள் கைக்குப் போன நாளிலிருந்து அது ஒரு நாளும் நின்றதில்லை.

உன் அம்மா